சம்பளம் வாங்காமல் 152 ஆண்டுகள்: கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் கிளப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் இருக்கும் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்தானே இது?

இல்லை, பெயரில்தான் ஒற்றுமை. அது லண்டன் அணி, 1880-களில் உருவானது. இது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் தென்பகுதியைச் சேர்ந்த கிளப். 1867-ல் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் இதைவிட மூத்த கால்பந்து கிளப் கிடையாது. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட சட்டை, 'ஸ்பைடர்ஸ்' என்று பட்டப்பெயர். 2019 வரை இந்த அணிக்காக ஆடிய யாரும் ஒரு காசு சம்பளம் வாங்கியதில்லை. பயணச் செலவு மட்டும் கொடுப்பார்கள். எதிரணிகளோ சம்பளக்காரர்கள். அப்படியே ஸ்காட்லாந்தின் தொழில்முறை லீக்கில் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆடினார்கள்.

கிளப் எப்படித் தொடங்கியது?

1867 ஜூலை 9 அன்று இரவு, கிளாஸ்கோவில் எக்லிண்டன் டெரஸ் 3-ஆம் எண் வீட்டில் சில இளைஞர்கள் கூடினார்கள். 'தி செல்ட்ஸ்', 'தி நார்தர்ன்', 'மோரேஷையர்' என்றெல்லாம் பெயர்கள் முன்மொழியப்பட்டன. கடைசியில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், பக்கத்துப் பூங்காவின் பெயரே நிலைத்தது.

கிளப் கிடைத்துவிட்டது, ஆனால் மோதுவதற்கு இன்னொரு கிளப் இல்லை! தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். புகைபிடிப்பவர்கள் ஒரு பக்கம், பிடிக்காதவர்கள் மறுபக்கம் என்றுகூடப் பிரித்துக்கொண்டதுண்டு. வெளி அணியுடன் ஆட ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1868 ஆகஸ்டில் திஸில் என்ற அணியுடன் முதல் ஆட்டம். பக்கத்துக்கு 20 பேர், இரண்டு மணி நேரம். குயின்ஸ் பார்க் செயலாளர் அந்த அணிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வேண்டுகோள் உண்டு: எங்கள் பந்து பழுதாகிவிட்டால் ஆட்டம் நின்றுபோகும், ஆகவே உங்கள் பந்தையும் கொண்டுவாருங்கள். இப்படி ஒற்றைப் பந்தை நம்பியிருந்தவர்கள்தான் நான்கே ஆண்டுகளில் ஒரு நாட்டின் அணியாகக் களமிறங்கினார்கள்.

உலகின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டத்தில் ஸ்காட்லாந்து அணியே இவர்கள்தானாமே, உண்மையா?

உண்மை. பதினொரு பேரும் குயின்ஸ் பார்க் ஆட்கள்.

1870 முதலே லண்டனில் 'இங்கிலாந்து - ஸ்காட்லாந்து' என்ற பெயரில் ஆட்டங்கள் நடந்தன. ஆனால் அந்த ஸ்காட்லாந்து அணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் லண்டன்வாசிகள். தாத்தா ஸ்காட்லாந்துக்காரராக இருந்தாலே போதும் என்கிற அளவில் ஆள் சேர்த்தார்கள். இது சரியில்லை, ஸ்காட்லாந்திலிருந்தே ஓர் அணி வரட்டும் என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கச் செயலாளர் சார்ல்ஸ் ஆல்காக் பத்திரிகை வழியாகச் சவால் விட்டார். அப்போது ஸ்காட்லாந்தில் கால்பந்துச் சங்கம் என்றே ஒன்று இல்லை. குயின்ஸ் பார்க் சவாலை ஏற்றது. கேப்டனும் கோல்கீப்பருமான ராபர்ட் கார்ட்னர் அணியைத் தேர்ந்தெடுத்தார்.

1872 நவம்பர் 30, கிளாஸ்கோவை ஒட்டிய பார்ட்டிக்கில் உள்ள ஒரு கிரிக்கெட் மைதானம். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். சுமார் 4,000 பேர் வந்தார்கள். மழையில் தரை சகதியாகக் கிடந்தது. கோல் கம்பங்களுக்கு மேலே குறுக்குக் கம்பம் கிடையாது, ஒரு நாடாவைத்தான் கட்டியிருந்தார்கள். ஸ்காட்லாந்து அடித்த பந்து ஒன்று அந்த நாடாவுக்குக் கீழே போனதா மேலே போனதா என்று சண்டை. மேலே போனதாகச் சொல்லி நடுவர்கள் கோல் தரவில்லை. ஆட்டம் 0-0. சர்வதேசக் கால்பந்தின் முதல் ஆட்டத்திலேயே 'அது கோல்தான்' என்ற புலம்பல் பிறந்துவிட்டது.

ஸ்காட்லாந்து இன்றும் போடும் கருநீலச் சட்டை அன்றைக்கு குயின்ஸ் பார்க் போட்டிருந்த சட்டைதான். கறுப்பு வெள்ளைப் பட்டைக்கு கிளப் மாறியது 1873-ல். அதே ஆண்டு மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் தொடங்கியதற்கும் முன்னின்றது இந்த கிளப்பே.

பாஸ் கொடுத்து ஆடும் முறையைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள்தானா?

கிளப் ரசிகரிடம் கேட்டால் ஆமாம் என்பார். கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. இங்கிலாந்தில் ராயல் எஞ்சினியர்ஸ் என்ற ராணுவ அணியும் அதே காலத்தில் கூட்டாக ஆடியதற்குச் சான்றுகள் உள்ளன. ஷெஃபீல்டுக்காரர்களும் தங்கள் பங்கைச் சொல்வார்கள்.

அந்த நாளில் ஆட்டம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இந்தப் பெருமையின் அளவு புரியும். பந்து கிடைத்தவர் தலையைக் குனிந்துகொண்டு நேராக ஓடுவார். கூட்டாளிகள் பின்னாலேயே ஓடுவார்கள், அவரிடமிருந்து பந்து பறிபோனால் எடுத்துக்கொள்வதற்காக. கூட இருப்பவரிடம் பந்தைத் தள்ளுவது இரண்டாம்பட்சம். 1872-ல் இங்கிலாந்து ஆட்கள் உடலளவில் கனமானவர்கள், மோதினால் ஜெயிப்பவர்கள். ஸ்காட்லாந்து ஆட்கள் மோதலைத் தவிர்த்து, இருவர் இருவராகச் சேர்ந்து பந்தைக் கைமாற்றிக்கொண்டு முன்னேறினார்கள். உறுப்பினர்கள் ஒரே பூங்காவில் ஆண்டுக்கணக்கில் தங்களுக்குள்ளேயே ஆடிவந்ததால் ஒருவர் மனசு ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

கண்டுபிடித்தது யாராக இருந்தாலும், அதைப் பழக்கமாக்கிப் பரப்பியது ஸ்காட்லாந்து. 1880-களில் இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் இருந்த கிளப்புகள் ஸ்காட்லாந்து ஆட்களை வேலை, பணம் என்று ஆசைகாட்டி அழைத்துப் போயின. 'ஸ்காட்ச் புரொஃபசர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர் விழுந்தது. தான் கற்றுக்கொடுத்த ஆட்டத்தின் மூலமே தன் ஆட்களை இழந்தது குயின்ஸ் பார்க்.

இவ்வளவு பெருமை பேசுகிறீர்களே, கோப்பை எத்தனை?

ஸ்காட்டிஷ் கோப்பை பத்து முறை. 1874-ல் நடந்த முதல் இறுதிப் போட்டியே இவர்களுக்குத்தான், கிளைட்ஸ்டேல் அணியை 2-0 என்று வென்றார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளும் இவர்களே. 1884-ல் வேல் ஆஃப் லெவன் அணி இறுதி ஆட்டத்துக்கு வராததால் ஆடாமலே கோப்பை கிடைத்தது. பத்தாவது 1893-ல். அதற்குப் பிறகு இல்லை. கிளாஸ்கோவின் இரண்டு பெரிய அணிகளான செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டையும் விட்டால் இன்றுவரை இந்த எண்ணிக்கையைத் தாண்டிய அணி கிடையாது.

தொடங்கியதிலிருந்து 1876 பிப்ரவரி வரை எந்த அணியிடமும் தோற்கவில்லை. லண்டனில் வாண்டரர்ஸ் 2-0 என்று வீழ்த்தியதுதான் முதல் தோல்வி. ஆண்டுக்குச் சில ஆட்டங்களே நடந்த காலம் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

ஸ்காட்லாந்து கிளப் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் எப்படி ஆடியது?

அப்போது தடை இல்லை. 1871-72-ல் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பையிலேயே குயின்ஸ் பார்க் சேர்ந்தது. கோப்பை செய்ய ஒரு கினி (அந்தக் கால 21 ஷில்லிங்) நன்கொடையும் அனுப்பியது. தூரத்தைக் காரணம் காட்டி நேராக அரையிறுதிக்கு அனுப்பிவிட்டார்கள். லண்டனில் வாண்டரர்ஸுடன் 0-0 டிரா. மறு ஆட்டத்துக்கு லண்டனில் தங்கவோ மீண்டும் வரவோ பணம் இல்லை. விலகிக்கொண்டார்கள், வாண்டரர்ஸ் கோப்பையைத் தூக்கியது.

1884, 1885 இரண்டிலும் இறுதிக்கே போனார்கள். இரண்டிலும் பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் தோல்வி, முதலில் 2-1, பிறகு 2-0. 1887-ல் ஸ்காட்லாந்துச் சங்கமே தன் கிளப்புகள் எல்லை தாண்டி ஆடக் கூடாது என்று தடை போட்டது.

ஆண்ட்ரூ வாட்சன் யார்?

பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட பெயர். 1856-ல் பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவில் பிறந்தவர். அப்பா கரும்புத் தோட்டங்களால் வசதியான குடும்பத்து ஸ்காட்லாந்துக்காரர், அம்மா கயானாக் கறுப்பினப் பெண். இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பு, பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகம். 1880-ல் குயின்ஸ் பார்க்கில் சேர்ந்தார், செயலாளராகவும் இருந்தார்.

1881 மார்ச் 12 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்து அணியின் கேப்டனாக இறங்கினார். அதுதான் அவருக்கு முதல் சர்வதேச ஆட்டமும். முடிவு 6-1. இங்கிலாந்து தன் மண்ணில் வாங்கிய மிக மோசமான தோல்வி இன்றுவரை அதுவே. நாட்டுக்காக மூன்று ஆட்டங்கள் ஆடினார், மூன்றும் வெற்றி. உலகின் முதல் கறுப்பினச் சர்வதேசக் கால்பந்து வீரர் இவர்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 1921-ல் லண்டனில் இறந்தார்.

சம்பளம் வாங்குவதில் அப்படி என்ன தப்பு கண்டார்கள்?

கிளப்பின் குறிக்கோள் வாசகம் லத்தீனில் இருக்கிறது: விளையாடுவதற்காகவே விளையாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே கொஞ்சம் கசப்பான பக்கத்தையும் பேசியாக வேண்டும்.

குயின்ஸ் பார்க்கை நடத்தியவர்கள் வியாபாரிகள், அலுவலக வேலைக்காரர்கள், படித்தவர்கள். வீட்டு அடுப்பு எரிய அவர்களுக்குக் கால்பந்து தேவைப்படவில்லை. கப்பல் பட்டறையிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவருக்கு நிலைமை வேறு. ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. கால் முறிந்தால் குடும்பமே பட்டினி. அவரிடம் போய் 'பணத்துக்கு ஆடுவது கேவலம்' என்று சொல்வது, பசி தெரியாதவர் விரதத்தின் பெருமை பேசுவதுதான்.

போதாக்குறைக்கு எல்லாரும் திருட்டுத்தனமாகப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சங்கம் கணக்குப் புத்தகங்களைச் சோதித்தால் பொய்க் கணக்கு காட்டினார்கள். இங்கிலாந்து 1885-லேயே சம்பள ஆட்டத்தைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. ஸ்காட்லாந்து 1893 வரை இழுத்தடித்துவிட்டு ஏற்றது. குயின்ஸ் பார்க் கடைசியாக ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றதும் அதே 1893 என்பதைக் கவனியுங்கள்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்குச் சொன்னதைத் தாங்களும் செய்தார்கள். இழப்பு தெரிந்தே, நான்கு தலைமுறை, எந்தக் கள்ளக் கணக்கும் எழுதாமல்.

லீக் தொடங்கியபோது இவர்கள் ஏன் சேரவில்லை?

1890-ல் ஸ்காட்டிஷ் லீக் தொடங்கியபோது அழைத்தார்கள், மறுத்துவிட்டார்கள். வாராவாரம் கட்டாய ஆட்டம் என்று வந்தால் அடுத்தது சம்பளம்தான் என்று கணித்தார்கள். மூன்றே ஆண்டுகளில் அது பலித்தது. ஆனால் சரியாகக் கணித்து என்ன பயன்? லீக்கில் இல்லாத அணியோடு ஆட மற்றவர்களுக்கு நேரமில்லை, ரசிகர்களுக்கும் ஆர்வமில்லை. 1900-ல் லீக்கில் சேர்ந்தார்கள், சம்பளமில்லாமலே. அந்தப் பத்தாண்டில் செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் எட்டாத தூரம் போய்விட்டன.

முதல் பிரிவில் பெரும்பாலும் கீழ்ப்பாதியில் காலம் தள்ளினார்கள். 1958-ல் அங்கிருந்து இறங்கியவர்கள் இன்னும் திரும்பவில்லை.

ஹாம்ப்டன் பார்க் ஸ்காட்லாந்தின் தேசிய மைதானம் ஆயிற்றே, அது எப்படி ஓர் அமெச்சூர் (சம்பளமில்லாமல் ஆடும்) கிளப்புக்குச் சொந்தமானது?

கட்டியதே அவர்கள்தான். ஒன்றல்ல, மூன்று ஹாம்ப்டன்கள்.

முதலாவது 1873-ல். பக்கத்தில் இருந்த ஹாம்ப்டன் டெரஸ் என்ற வீட்டு வரிசையின் பெயரே மைதானத்துக்கு வந்தது. அந்த வீட்டு வரிசைக்குப் பெயர் கொடுத்த ஜான் ஹாம்ப்டன், மன்னரை எதிர்த்த 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நாடாளுமன்றவாதி. ஆக, இங்கிலாந்தை வெல்வதையே பிறவிப்பயனாக நினைக்கும் ஸ்காட்லாந்து ரசிகர்களின் கோயிலுக்கு ஓர் ஆங்கிலேயரின் பெயர்! 1882-ல் அந்த மைதானத்தில்தான் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 5-1 என்று வென்றது. பிறகு ரயில் பாதை குறுக்கே வந்ததால் இடம் பெயர நேர்ந்தது.

இரண்டாவது 1884-ல். அதை விட்டு வந்தபோது தேர்ட் லானார்க் என்ற அணி எடுத்துக்கொண்டு கேத்கின் பார்க் என்று பெயர் மாற்றியது.

மூன்றாவதுதான் இன்றைய ஹாம்ப்டன். 1903 அக்டோபர் 31 அன்று செல்டிக்கை 1-0 என்று வென்று திறந்தார்கள். 1950-ல் பிரேசிலின் மரக்கானா வரும்வரை உலகின் மிகப் பெரிய கால்பந்து மைதானம் இதுதான். 1937-ல் ஸ்காட்லாந்து - இங்கிலாந்து ஆட்டத்துக்கு 1,49,415 பேர் வந்தார்கள். 1960 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ரியல் மாட்ரிட் 7-3 என்று ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட்டை வென்றதை 1,27,621 பேர் பார்த்தார்கள்.

வாடகைதான் கிளப்பைக் காப்பாற்றியது. பெரிய ஆட்டங்களுக்கு மைதானத்தை விட்டு வரும் பணத்தில், தன் சொந்த ஆட்டங்களை அதே மைதானத்தில் நடத்தியது. 1930-ல் ரேஞ்சர்ஸுடன் நடந்த கோப்பை ஆட்டத்துக்கு 95,000-க்கும் மேல் கூட்டம். பிற்காலத்தில் 52,000 நாற்காலிகள் போட்ட அரங்கத்தில் சில நூறு பேர் ஒரே பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரரைத் திட்டுவது கடைசி வரிசைவரை கேட்கும்.

சம்பளமே இல்லாத அணிக்கு நல்ல ஆட்டக்காரர்கள் ஏன் வந்தார்கள்?

இளைஞர்களுக்கு ஆட இடம் கிடைத்தது, அதுவும் பெரிய மைதானத்தில். அங்கே கண்ணில் பட்டால் பெரிய கிளப் அழைக்கும்.

ஆர். எஸ். மெக்கால் 1900-ல் இங்கிலாந்துக்கு எதிராக மூன்று கோல் போட்டபோது குயின்ஸ் பார்க் ஆள். அடுத்த ஆண்டே நியூகாசிலில் சம்பளத்துக்குப் போனார். அண்ணன் தம்பியாகத் தொடங்கிய மிட்டாய்க் கடை பின்னாளில் பெரிய சங்கிலிக் கடையானது, 'டாஃபி பாப்' என்று செல்லப்பெயரும் வந்தது. சம்பளம் வாங்கியவர் திரும்ப வரக் கூடாது என்பது விதி. அவருக்கு மட்டும் விலக்கு கிடைத்து 1907-ல் திரும்பினார்.

ரோனி சிம்ப்சன் 14 வயதிலேயே இங்கே கோல்கீப்பர். 1967-ல் செல்டிக் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது கோல் காத்தவரும் அவரே, வயது 36. பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜராகப் புகழ்பெற்ற அலெக்ஸ் ஃபெர்குசன் 1958-ல், பட்டறையில் கருவித் தொழில் பயின்றுகொண்டிருந்த 16 வயதுப் பையனாக இங்கே முதல் ஆட்டம் ஆடி, அதிலேயே கோலும் போட்டார்.

ஆண்டி ராபர்ட்சன் கதையை இப்போதைய ரசிகர்கள் அறிவார்கள். உடம்பு சின்னது என்று செல்டிக் விட்டுவிட்டது. 2012-ல் குயின்ஸ் பார்க்கில் ஆடிக்கொண்டே ஹாம்ப்டன் அலுவலகத்தில் டிக்கெட் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை பார்த்தார். காசில்லாத இந்த வயசு வாழ்க்கை வெறுப்பாக இருக்கிறது, வேலை வேண்டும் என்று ட்விட்டரில் புலம்பியிருந்தார். 2019-ல் லிவர்பூல் சட்டையில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைக் கையில் ஏந்தினார்.

அப்படியானால் 2019-ல் கொள்கையை ஏன் கைவிட்டார்கள்?

மேலே சொன்ன பட்டியலேதான் காரணம். ஒப்பந்தம் இல்லாத அமெச்சூர் ஆட்டக்காரரை மற்ற கிளப்புகள் மாற்றுத் தொகை இல்லாமலே கூட்டிப் போய்விடலாம். இவர்கள் வளர்ப்பார்கள், அடுத்தவர் அறுவடை செய்வார். 2019 நவம்பரில் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. 90 சதவீதத்துக்கும் மேல் சம்பளத்துக்கு ஆதரவு.

இன்னொரு பக்கம் ஹாம்ப்டனும் கைமாறியது. அதைச் சீரமைத்துப் பராமரிக்கும் செலவு ஓர் அமெச்சூர் கிளப்பின் சக்தியை எப்போதோ தாண்டியிருந்தது. ஸ்காட்லாந்துச் சங்கம் எடின்பரோவின் ரக்பி மைதானத்துக்கே போய்விடலாமா என்று யோசித்தது. 2018-ல் 50 லட்சம் பவுண்டுக்கு விலை பேசி முடித்து, 2020-ல் மைதானம் சங்கத்தின் பெயருக்கு மாறியது. அரங்கத்தை ஒட்டிய லெஸ்ஸர் ஹாம்ப்டன் என்ற சிறிய மைதானத்தை கிளப் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதன் கட்டுமானம் இழுத்துக்கொண்டே போனதில் இரண்டு பருவங்கள் வேறு கிளப்புகளின் மைதானங்களில் குடியிருந்தார்கள். பிறகு பெரிய ஹாம்ப்டனுக்கே வந்தார்கள், தாங்கள் கட்டிய வீட்டுக்கு வாடகைக்காரர்களாக.

துரோகம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளூர்ப் பையன் வாரத்துக்கு நான்கு நாள் பயிற்சிக்கு வந்தால் அவனுக்குக் கூலி தருவதுதான் நியாயம். 1893-லேயே எடுத்திருக்க வேண்டிய முடிவு இது.

சம்பளம் கொடுக்கத் தொடங்கிய பிறகு என்ன ஆனது?

மளமளவென்று ஏறினார்கள். 2021-ல் நான்காம் நிலை லீக் பட்டம், 2022-ல் மறுபடி பதவி உயர்வு. 2023-ல் இரண்டாம் நிலைப் பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டத்தில் டண்டியிடம் 5-3 என்று தோற்றார்கள். ஜெயித்திருந்தால் 65 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் நிலை.

2025 பிப்ரவரி 9 அன்று, ஸ்காட்டிஷ் கோப்பையில், ரேஞ்சர்ஸை அவர்கள் இடமான ஐப்ராக்ஸிலேயே 1-0 என்று வீழ்த்தினார்கள். செப் டிரோஸ்ட் கோல் போட்டார். கடைசி நிமிடங்களில் ரேஞ்சர்ஸ் கேப்டன் டாவர்னியர் அடித்த பெனால்டியை கோல்கீப்பர் காலம் ஃபெர்ரி தடுத்தார்.

கிளாஸ்கோ போனால் எதையெல்லாம் பார்க்கலாம்?

மூன்று ஹாம்ப்டன்களும் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. கிளாஸ்கோ சென்ட்ரலில் ரயில் ஏறி கிராஸ்ஹில் நிலையத்தில் இறங்கினால் அருகிலேயே ஹாம்ப்டன் பௌலிங் கிளப். அதுதான் முதல் மைதானத்தின் இடம். 1882 வெற்றியைச் சுவரில் ஓவியமாக வரைந்திருக்கிறார்கள்.

அங்கிருந்து கேத்கின் பார்க். தேர்ட் லானார்க் கிளப் 1967-ல் மூடப்பட்டது, மைதானம் பொதுப் பூங்காவாகிவிட்டது. நின்று பார்க்கும் படிவரிசைகள் மூன்று பக்கமும் அப்படியே இருக்கின்றன. கூட்டம் சாய்ந்து நின்ற இரும்புத் தடுப்புகளுக்கு நடுவே மரங்கள் வளர்ந்துவிட்டன. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். கட்டணம் கிடையாது.

அடுத்து மவுண்ட் ஃப்ளோரிடா நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய ஹாம்ப்டன். உள்ளே ஸ்காட்லாந்துக் கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது. 1873-ல் செய்த ஸ்காட்டிஷ் கோப்பையின் அசலை அங்கே பார்க்கலாம். ஆட்டம் நடக்கும் நாட்களில் அரங்கச் சுற்றுலா இருக்காது, அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.